காதில் பஞ்சு வைத்த வகுப்பு

அருக்காணி சிஸ்டரின் வகுப்பில் முதலில் தீர்ந்துபோவது பஞ்சுதான். சாக்பீஸ் தீராது, ஏனென்றால் அவள் கரும்பலகைப் பக்கமே போகமாட்டாள். ஸ்டோரில் சாமான் எடுத்துக் கொடுக்கிற பையா மாசாமாசம் தலையில் அடித்துக்கொள்வான். "நாலு பொண்ணுங்களுக்குப் பாடம் சொல்ல இவ்வளவு பஞ்சா? மெத்தை தைக்கிறீங்களா சிஸ்டர்?" என்று இந்தியில் கேட்பான். "ஆமாம், மிச்சத்தை உன் வாயில அடைக்கலாம்னு இருக்கேன்" என்று தன் காங்கேயத்து இந்தியில் பதில் சொல்லிவிட்டு, பண்டலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவள் நடையைக் கட்டுவாள்.

அந்தப் பஞ்சு போய்ச் சேர்ந்த இடம் நர்ஸிங் மாணவிகளின் காது. டில்லியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டில் மாணவிகளுக்குப் பயிற்சி கொடுக்கும் ட்யூட்டர் அவள். புதிதாக வரும் ஒவ்வொரு பேட்ச்சையும் வார்டு வாசலில் நிறுத்தி, இரண்டு காதையும் பஞ்சால் அடைக்கச் சொல்லி உள்ளே அனுப்புவாள். ஒரு சுற்றுச் சுற்றி வந்து, எந்தக் குழந்தையை முதலில் கவனிக்க வேண்டும் என்று விரலால் காட்ட வேண்டும். அவ்வளவுதான் பாடம். கேரளத்துப் பெண்களும் ஹரியானாப் பெண்களும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துச் சிரிப்பை அடக்குவார்கள். ஹாஸ்டலில் அவளுக்கு 'பஹ்ரி சிஸ்டர்' என்று பேர். செவிட்டு சிஸ்டர் என்று அர்த்தம். அது அவள் காதுக்கும் வந்துதான் இருந்தது. "செவிடின்னு சொன்னாச் சொல்லிக்கட்டும். குருடின்னு சொல்லாத வரைக்கும் சந்தோசம்" என்பாள்.

காங்கேயத்துக்குப் பக்கத்தில் பிறந்து, கோயம்புத்தூரில் நர்ஸிங் படித்து, எழுபதாம் வருஷம் பரமசிவத்தைக் கட்டிக்கொண்டு டில்லி வந்தவள் அருக்காணி. பரமசிவம் மத்திய சர்க்காரில் குமாஸ்தா. சரோஜினி நகரில் ஒன்றரை அறைக் குவார்ட்டர்ஸ். ஆள் சாது. அவளுக்கோ மூக்கு நுனியில் கோபம். அந்த வீட்டில் பத்து வருஷமாகச் சண்டை வரவில்லை என்றால் அதற்குக் காரணம் அவர்தான் என்று அவளே ஒத்துக்கொள்வாள்.

பஞ்சு வந்த கதை மட்டும் சிரிப்புக் கதை இல்லை. அவள் ட்யூட்டராக ஆன புதிதில், ஒரு குளிர்காலக் காலை. கால் உடைந்து கட்டுப் போட்ட பையன் ஒருவன் வார்டே இடிந்து விழுகிற மாதிரி கத்திக்கொண்டிருந்தான். இரண்டு மாணவிகள் ஓடினார்கள். ஒருத்தி பிஸ்கட் கொடுத்தாள், இன்னொருத்தி பாட்டுப் பாடினாள். அடுத்த கட்டிலில் தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்த ஒரு சின்னக் குழந்தை. அந்தக் குழாய் சளியால் அடைத்துக்கொண்டது. அப்படிப்பட்ட குழந்தைக்கு மூச்சு குழாய் வழியாகப் போய் வருவதால் தொண்டையில் சத்தம் வராது. வாயைத் திறந்து அழும், கண்ணீர் வரும், குரல் மட்டும் வராது. அது அழுததை யாரும் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

அந்த இரண்டு பெண்களையும் எல்லாரும் திட்டினார்கள். அருக்காணிக்குத் திட்ட மனசு வரவில்லை. அவர்கள் தூங்கவில்லை, அரட்டை அடிக்கவில்லை. அழுகிற குழந்தையிடம் ஓடினார்கள், எந்தப் பெண்ணும் அதைத்தான் செய்வாள். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று நம் ஊரில் சும்மாவா சொன்னார்கள்? அழ முடியாத பிள்ளையின் கதி என்ன என்று மட்டும் யாரும் சொல்லிவைக்கவில்லை. அன்று வீட்டுக்குப் போய் அடுப்பைக்கூடப் பற்றவைக்காமல் உட்கார்ந்திருந்தாள். மறுநாள் ஸ்டோரில் பஞ்சு கேட்டாள்.

அதோடு விடவில்லை. வார்டுக் கோடியில் சும்மா கிடந்த ஓர் அறையைச் சண்டை போட்டு வாங்கினாள். தொண்டைக் குழாய் வைத்த குழந்தை, வயிற்றில் குழாய் வைத்துப் பால் ஊற்றுகிற குழந்தை, மூளையில் நீர் கோத்துத் தலை வீங்கிய குழந்தை, இப்படிப்பட்டவர்களுக்கென்று ஆறு கட்டில். அதுவரை மாணவிகளை அந்தக் குழந்தைகள் பக்கம் விடவே மாட்டார்கள். சின்னப் பெண்கள், பயந்துபோவார்கள் என்பார்கள். "மூணு வருசம் படிச்சுப்போட்டு வெளிய போறவ, இந்தக் கொழந்தைகளைத் தொட்டதே இல்லீன்னா, அப்பறம் ஆருதான் தொடுவாங்க?" என்று அவள் கேட்டாள். அவள் பிடித்த முயலுக்கு மூன்றே கால், அறை கிடைத்தது.

அங்கே அவள் வைத்த முறையே தனி. வந்த முதல் வாரம் ஊசி கிடையாது, மருந்து கிடையாது. ஆளுக்கொரு குழந்தை, பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். சாதாரணமாக உதடு என்ன நிறம், மூச்சு விட்டால் விலா எவ்வளவு உள்ளே போகிறது, தூங்கும்போது கை மூடியிருக்கிறதா விரிந்திருக்கிறதா. "நல்லா இருக்கறப்போ பாக்காதவ, கெட்டுப்போறப்போ எப்படிக் கண்டுபுடிப்பா?" என்பாள். பிறகு அவர்களையே கட்டிலில் படுக்கவைத்து, தோழியை விட்டு ஸ்பூனில் கஞ்சி ஊட்டச் சொல்வாள். அவசரமாக ஊட்டினால் எப்படி இருக்கிறது என்று புரையேறியவர்களுக்குத் தெரிந்தது.

அந்தப் பெண்களில் ஒருத்தி சந்தோஷ் குமாரி. ரோத்தக் பக்கத்துக் கிராமம். எருமைப் பால் குடித்து வளர்ந்த உடம்பு, மூன்று வார்டுக்குக் கேட்கிற சிரிப்பு. பஹ்ரி சிஸ்டர் என்று பேர் வைத்த புண்ணியவதியே அவள்தான் என்று பேச்சு. இளகின மனசு, எந்தக் குழந்தை சிணுங்கினாலும் முதலில் ஓடுகிற கால் அவளுடையது. அதனாலேயே பஞ்சு வகுப்பில் அவளுக்குத் தோல்வி மேல் தோல்வி. வாயைப் பிளந்து கத்துகிற குழந்தையையே காட்டுவாள்.

"சத்தமே போடாத குழந்தைக்கு என்ன கஷ்டம்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் என்ன ஜோசியக்காரியா?" என்று ஒருநாள் இந்தியில் வெடித்தாள்.

"ஜோசியக்காரிக்குக் கை ஒண்ணைப் பாத்தாப் போதும் அம்மிணி. நீ மூக்கு, உதடு, விலா மூணையும் பாக்கோணும்" என்றாள் அருக்காணி. இந்தி நடுவிலும் அந்த 'அம்மிணி' மட்டும் வந்து விழும். ஹரியானாப் பெண்கள் அதற்கு அர்த்தம் கேட்கவில்லை. தங்களுக்குள் ஒருத்தியை ஒருத்தி அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

எண்பத்தொன்றாம் வருஷக் கடைசியில் அந்த அறைக்குப் பொன்னி வந்தாள். மூன்று வயசு. அவளைப் பெற்றவர்கள், ஆத்தூர்ப் பக்கத்து வடிவேலும் ஆராயியும், ஆசிய விளையாட்டுக்காக ஸ்டேடியம் கட்டுகிற வேலைக்கு வந்து, பக்கத்திலேயே ஜுக்கி என்கிற தகரக் குடிசை போட்டுக்கொண்டு சிமெண்டும் செங்கல்லும் சுமந்தவர்கள். குழந்தைக்கு டிப்தீரியா, தொண்டை அடைப்பான். தொண்டையில் துளை போட்டு உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் மூச்சுக்குழல் உள்ளே தழும்பேறிச் சுருங்கிப்போனது. கொஞ்சம் வளர்ந்த பிறகுதான் ஆபரேஷன், அதுவரை குழாய் இருந்தாக வேண்டும். மற்றபடி குழந்தை துறுதுறுவென்று இருந்தது. குரலில்லாமல் சிரிக்கும், குரலில்லாமல் அடம்பிடிக்கும்.

கோடை தொடங்கியதும் மேட்ரன் மிஸஸ் பெஹல் அருக்காணியைக் கூப்பிட்டனுப்பினாள். பஞ்சாபி அம்மாள், புடவை மடிப்புக் கலையாமல் முப்பது வருஷம் சர்வீஸ் போட்டவள்.

"பொன்னியின் கட்டில் வேண்டும். குழந்தையை மதுராப் பக்கத்து தர்ம இல்லத்துக்கு அனுப்பிவிடலாம். எழுதிக் கேட்டுவிட்டேன், எடுத்துக்கொள்கிறார்கள்" என்றாள்.

"அம்மா அப்பன் இருக்கற கொழந்தையையா?"

"ஜுக்கியில் கரெண்ட் இல்லை, தண்ணீர் இல்லை. சளி எடுக்கத் தெரிந்தவர் இல்லை. அங்கே அனுப்பினால் ஒரு வாரம் தாங்காது. எனக்கு மட்டும் கல் நெஞ்சா அருக்காணி?"

கல் நெஞ்சு இல்லைதான். அதனால்தான் அருக்காணிக்குப் பதில் சொல்லக் கஷ்டமாக இருந்தது. கூலி வேலைக்காரர்களால் மதுராவுக்கு எத்தனை தடவை போய்வர முடியும்? தாய் முகமே மறந்துபோகும். "என் மாணவிகள் அந்தத் தாய்க்குக் கத்துக் கொடுப்பாங்க. கத்துக்கிட்டாளா இல்லையான்னு நீங்களே வந்து பாருங்க" என்று சொல்லிவிட்டாள். வாய் முந்திக்கொண்டது.

மேட்ரன் மேஜைமேல் இருந்த காலண்டரைப் புரட்டினாள். "மே கடைசியில் வருகிறேன். தாயும் தேற வேண்டும், உன் பெண்களும் தேற வேண்டும். தேறாவிட்டால் குழந்தை மதுராவுக்கு, அறை மறுபடி என் கைக்கு, பஞ்சு ஸ்டோருக்கு. அச்சா?" என்றாள். "அச்சா" என்று சொல்லிவிட்டு அருக்காணி நேராக வார்டுக்கு நடந்தாள்.

பொன்னியின் தாய்க்குச் சொல்லிக்கொடுக்கிற வேலையைச் சந்தோஷிடம் கொடுத்தாள். மற்ற மாணவிகள் வாயைப் பிளந்தார்கள். சந்தோஷுக்கு 'அம்மிணி'யைத் தவிரத் தமிழ் ஒரு சொல் தெரியாது, ஆராயிக்கு இந்தி என்றால் 'ஜல்தி'யும் 'இதர் ஆவ்'வும்தான். அதற்காகத்தான் கொடுத்தேன் என்றாள் அருக்காணி. வாயால் சொல்ல முடியாதவள் கையால்தான் சொல்லியாக வேண்டும்.

தினமும் வேலை முடிந்து, தலையில் சிமெண்ட் தூசியோடு ஆராயி வருவாள். கையைத் தேய்த்துக் கழுவ வேண்டும். குழாய்க்குள் இருக்கிற சின்னக் குழாயை உருவி, கொதிநீரில் சுத்தம் செய்து, திரும்பப் போட வேண்டும். மெல்லிய ரப்பர் குழாயை விட்டுச் சளியை உறிஞ்சி எடுக்க வேண்டும். அந்த இடம் வந்தால் ஆராயியின் கை வெடவெடவென்று நடுங்கும்.

"தலையில செங்கல்லு அடுக்கி மூணு மாடி ஏறுறவ, இதுக்குப் பயப்படுறயா?" என்று அருக்காணி கேட்டாள்.

"செங்கல்லு கீழ விழுந்தா ஒடையும் சிஸ்டரம்மா, அம்புட்டுத்தான். இது என் கொளந்த உசுரில்ல" என்று ஆராயி அழுதாள்.

சந்தோஷுக்குப் பேச்சுப் புரியவில்லை, கை நடுக்கம் புரிந்தது. மறுநாள் ஹாஸ்டல் தோட்டத்தில் நின்ற பப்பாளி மரத்திலிருந்து ஒரு கத்தை இலைக் காம்பு ஒடித்துக்கொண்டு வந்தாள். பப்பாளிக் காம்பு உள்ளே பொள்ளலாக இருக்கும். அதைத் தன் தொண்டைமேல் பிடித்துக்கொண்டு, அதற்குள் ரப்பர் குழாயை விடச் சொல்லி ஆராயிக்குச் சைகை காட்டினாள். இடிக்காமல் உள்ளே போகும்வரை ஒரு காம்பு, பிறகு இன்னொரு காம்பு. ஆராயிக்கு முதல்முறையாகச் சிரிப்பு வந்தது. இந்த யோசனை தனக்கு வரவில்லையே என்று அருக்காணிக்குக் கொஞ்சம் பொறாமைகூட.

ஜுக்கியில் கரெண்ட் இல்லாத குறைக்குப் பரமசிவம் வழி பண்ணினார். காலால் மிதித்து உறிஞ்சுகிற பழைய பம்ப் ஒன்றை எங்கேயோ ஏலத்தில் பிடித்து, போகல் கடைத்தெருவில் ஒரு சர்தார்ஜியிடம் கொடுத்துச் சரிசெய்து கொண்டுவந்தார். "ஏம்புள்ள, எந்த ஊர்லயாச்சும் பொண்டாட்டிக்குச் சளி எடுக்கற மெஷின் வாங்கியாந்த புருசனப் பாத்திருக்கியா?" என்றார். "நகை வாங்கித் தந்திருந்தா இந்த அளவுக்குச் சந்தோசப்பட்டிருக்க மாட்டேனுங்" என்றாள் அவள். உண்மையும் அதுதான்.

மே மாதக் கடைசி வெள்ளிக்கிழமை மத்தியானம் மேட்ரன் வந்தாள். ஆராயி அன்று வேலைக்குப் போகவில்லை. விடியற்காலையிலேயே மலை மந்திருக்கு நடந்துபோய், முருகனைக் கும்பிட்டு, ஒரு தாயத்து வாங்கிவந்து கறுப்புக் கயிற்றில் கோத்துப் பொன்னியின் கழுத்தில் கட்டியிருந்தாள். சட்டைக்குள் இருந்ததால் யாரும் பார்க்கவில்லை.

"முதலில் இந்தப் பஞ்சு நாடகத்தைப் பார்க்கிறேன்" என்றாள் மேட்ரன். அருக்காணி சந்தோஷை அறைக்கு வெளியே நிறுத்திக் காதை அடைத்தாள். உள்ளே ஆறு குழந்தைகள், ஆராயி, இரண்டு மாணவிகள், மேட்ரன், அருக்காணி.

அப்போதுதான் ஜன்னலில் வெளிச்சம் மஞ்சளானது. டில்லிக் கோடையில் வருகிற ஆந்தி, புழுதிப் புயல். கண்ணை மூடித் திறப்பதற்குள் வானம் செங்கல் நிறமாகி இருட்டியது. ஜன்னல் கதவுகள் படார் படாரென்று அடித்துக்கொண்டன, எங்கேயோ கண்ணாடி நொறுங்கியது, கரெண்ட் போனது, மெஷின்கள் நின்றன. அறை முழுக்கப் புழுதி. அழ முடிந்த குழந்தை எல்லாம் ஒரே குரலாக அலறியது.

மாணவிகள் ஜன்னலுக்கு ஓடினார்கள். மேட்ரன், பாவம், பக்கத்தில் அலறிய குழந்தையை அள்ளி மார்போடு அணைத்துக்கொண்டாள். ஆராயி புழுதி போகாமல் இருக்க ஈரத்துண்டை எடுத்துப் பொன்னியின் கழுத்தில் போர்த்தினாள். அடுத்த கட்டிலில் தலை வீங்கிய குழந்தை வீறிட்டது. பெற்றவள் மனசு பொறுக்குமா? திரும்பி அதைத் தட்டிக்கொடுக்கப் போனாள். அருக்காணியின் கால்களும் அலறல் வந்த பக்கம்தான் போயின. ஈரத்துண்டுக்கு அடியில் தாயத்து நகர்ந்து சரியாகக் குழாயின் வாயில் உட்கார்ந்தது.

சந்தோஷுக்கு மட்டும் எந்தச் சத்தமும் இல்லை. வாசலில் நின்று அரை இருட்டில் அறையைப் பார்த்தாள். திறந்த வாய்கள் பல. அதில் ஒரு வாய் மட்டும் திறந்திருக்க, மூக்கு விடைத்து, விலா குழிவிழுந்து உள்ளே போனது. சின்னக் கைகள் துண்டைப் பிய்த்துக்கொண்டிருந்தன. அலறுகிற குழந்தைகளை எல்லாம் தாண்டி, மேட்ரனை இடித்துத் தள்ளிக்கொண்டு, நேராகப் பொன்னியிடம் போனாள். துண்டை வீசினாள், தாயத்தைக் கயிறோடு அறுத்தாள், உள் குழாயை உருவினாள். குழந்தை இழுத்த மூச்சு கரகரவென்று சளியோடு வந்தது. உதடு நீலம்.

"அம்மிணி!" என்று ஒரு கத்து கத்தினாள். யாரைக் கூப்பிட்டாள் என்று ஆராயிக்குத் தெரிந்தது. சந்தோஷ் குனிந்து கட்டிலுக்கடியிலிருந்து பம்ப்பை இழுத்து மிதிக்க ஆரம்பித்தபோது, ஆராயி ரப்பர் குழாயைக் கையில் எடுத்திருந்தாள். கை நடுங்கவில்லை. பப்பாளிக் காம்புக்குள் விட்ட மாதிரியே இடிக்காமல் உள்ளே போயிற்று. சளி வந்தது. இன்னொரு தடவை. மூச்சுச் சத்தம் தெளிந்தது. ஆராயி குழந்தையின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீலம் வடிந்து, சிவப்பு திரும்பிவந்தது.

அருக்காணி ஓடிவந்து நின்ற இடத்திலேயே நின்றாள். செய்வதற்கு அவளுக்கு ஒரு வேலையும் இல்லை. அவள் ஆயுசில் அப்படி ஒரு சந்தோஷத்தை அதற்கு முன்னால் அனுபவித்ததில்லை.

புழுதி அடங்கிய பிறகு மேட்ரன், கையிலிருந்த குழந்தையைக் கட்டிலில் கிடத்தினாள். புடவை மடிப்பெல்லாம் கலைந்திருந்தது. சந்தோஷின் காதிலிருந்து ஒரு துணுக்குப் பஞ்சை அவளே எடுத்துப் பார்த்தாள்.

"நானும் அழுகிற குழந்தையைத்தான் தூக்கினேன்" என்றாள்.

"நானும்தானுங் மேடம்" என்றாள் அருக்காணி.

"எப்போது வீட்டுக்கு அனுப்புகிறாய்?" என்று மேட்ரன் கேட்டாள். அறை அருக்காணியிடமே இருந்தது. அடுத்த பேட்ச்சிலிருந்து அந்த அறைப் பயிற்சி எல்லா மாணவிகளுக்கும் கட்டாயம் ஆனது.

ஆராயி மட்டும் அறுந்த தாயத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "நான்தான் கொன்னுருப்பேன்" என்று தேம்பிக்கொண்டிருந்தாள். அருக்காணி அதை வாங்கி, குழந்தையின் அரைஞாண் கயிற்றில் முடிந்தாள். "முருகனை இடுப்புல வெச்சுக்க ஆராயி. கழுத்துல அவனுக்கு வேலை இல்ல, அங்க உனக்குத்தான் வேலை" என்றாள்.

ஜூன் பிறந்ததும் பொன்னி ஜுக்கிக்குப் போனாள். வாராவாரம் மாணவிகள் இரண்டிரண்டு பேராகப் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். மதுரா இல்லத்துக்கு மேட்ரன் தானே எழுதி, குழந்தை வரவில்லை என்று தெரிவித்தாள். விளையாட்டுப் போட்டி வந்தது, போனது. வடிவேல் வேறு கட்டட வேலைக்கு மாறினான், அவர்களோடு பம்ப்பும் மாறியது. மறு வருஷம் ஆபரேஷன் நடந்தது. கொஞ்ச நாளில் குழாயை எடுத்து, துளையும் மூடிக்கொண்டது. ஆனால் பொன்னி பேசவில்லை. பழக்கம் விட்டுப்போன குழந்தை, பொறுத்திருங்கள் என்றார் டாக்டர்.

மழைக்காலத்தில் ஒரு காலை, அருக்காணி புது பேட்ச்சுக்குப் பஞ்சுப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். எப்போதும் முதலில் தன் காதைத்தான் அடைத்துக் காட்டுவாள். அப்படி அடைத்துக்கொண்டு வராந்தாவில் நின்றபோது, எதிர் அறையில், ஊசி போட்டுக்கொள்ள வந்த பொன்னி உட்கார்ந்திருந்தது கண்ணில் பட்டது. பக்கத்தில் ஆராயி. இப்போது ஸ்டாஃப் நர்ஸ் ஆகிவிட்ட சந்தோஷ் கையில் ஊசி. குழந்தை வாயைப் பிளந்து அழுதது. அருக்காணி தன்னையறியாமல் மூக்கைப் பார்த்தாள், உதட்டைப் பார்த்தாள், விலாவைப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது.

பிறகுதான் பக்கத்தில் நின்ற புதுப்பெண்களைப் பார்த்தாள். அவர்கள் இன்னும் பஞ்சு வைத்திருக்கவில்லை. எல்லாரும் ஒன்றாக அந்த அறைப் பக்கம் தலையைத் திருப்பியிருந்தார்கள். சந்தோஷ் ஊசியை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எதையோ கத்திக்கொண்டிருந்தாள். "சுனோ அம்மிணி, சுனோ!" என்று, கேள் கேள் என்று, அவள் வாயசைவிலிருந்து புரிந்தது.

அருக்காணி காதுப் பஞ்சைப் பிடுங்கி எறிந்தாள். பொன்னியின் குரல்! கட்டைக் குரல், கரகரத்த குரல், ஆனால் வராந்தா முழுக்கக் கேட்டது. அழுகிற குழந்தையிடம் ஓடாதே என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொடுத்தவள், மாணவிகளைத் தள்ளிக்கொண்டு முதல் ஆளாக ஓடினாள். ஆராயி குழந்தையை அணைத்துத் தேற்றப் போக, அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஆரும் சமாதானம் பண்ணாதீங்க. இன்னுங் கொஞ்ச நேரம் அழுவட்டும்" என்றாள். அவள் கன்னமெல்லாம் நனைந்திருந்தது.